பாதி ஏணியும் பாதிப் புத்தகமும்

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றைத் தனியாக மடித்துப் பார்க்கட்டும். முனை சேர்ந்தால் நடு தொங்கும், நடு சேர்ந்தால் முனை தரையைக் கூட்டும். கடைசியில் சுருட்டி அலமாரிக்குள் திணித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவோம்.

பெரியவளுக்கு அந்தச் சுருட்டல் வேலை ஆகவே ஆகாது. ஓட்டல் லினன் ரூமில் தலை நரைக்கும்வரை விரிப்பு மடித்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகும் கொடியில் விரிப்பு காய்ந்துவிட்டால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எதிர்முனையைப் பிடிக்கச் சொல்வாள். அவர் பேர் போன வயர்மேன். கரண்டுக்குப் பயப்படாத மனிதர், விரிப்பைக் கையில் கொடுத்தால் தடுமாறிப்போவார். எப்போது நிற்க வேண்டும், எப்போது நடந்து வர வேண்டும் என்பது அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"இப்ப வரவா?"

"இருங்க. இன்னும் நூ வரல."

"அது எப்ப வரும்?"

"ஈலுக்கு அப்புறம்."

அவர் பேந்தப் பேந்த விழிப்பார். அவளுக்குச் சிரிப்பு வரும், பாதியில் நின்றும்போகும். எதிர்முனையில் நிற்க வேண்டியவள் வேறு ஒருத்தி.

அவள் முணுமுணுப்பது பிரெஞ்சு. அதிலும் பிரெஞ்சுக்காரர்களே வாயால் பேசாத பிரெஞ்சு, கதைப் புத்தகத்தில் மட்டும் இருப்பது. கடை கண்ணிக்குப் போனால் பேரம் பேசத் தெரியாதவள் வாயில் அது எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்டால், சின்னவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சின்னவள் இவளுடைய ஓரகத்தி. அண்ணனைக் கட்டியவள் இவள், தம்பியைக் கட்டியவள் அவள். ஓரகத்திகள் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைப்பவர்களை இவர்கள் நன்றாக ஏமாற்றினார்கள். ஒரே வீடு, ஒரே ஓட்டல், ஒரே ஷிப்ட். லினன் ரூம் சூப்பர்வைசர் இருவரையும் ஒரே மேசையில் போட்டதற்குக் காரணம் பாசமல்ல, உயரம். மடிக்கிற இருவரில் ஒருத்தி குட்டையாக இருந்தால் விரிப்பின் ஓரம் கோணிக்கொண்டு போகும். இவர்கள் இருவரும் நின்றால் தோளுக்குத் தோள் அளந்து வைத்தது போல் இருக்கும்.

மேல் மாடிகளிலிருந்து அழுக்குத் துணி ஒரு தகரக் குழாய் வழியாக வந்து கீழே ஊறல் தொட்டியில் விழும். தலையணை உறையோடு சில்லறை விழும், சீப்பு விழும், ஒரு தடவை பல் செட் விழுந்து ஊரைக் கூட்டியது. அப்படித்தான் ஒரு நாள் புத்தகம் விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா வந்து தங்கிய காலம் அது. சின்னவள் பாய்ந்து எடுப்பதற்குள் புத்தகத்தின் முன்பாதி சோப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது. உலர்த்தியபோது முன்பாதி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. பின்பாதி மட்டும் தப்பியது.

அந்தக் கூட்டங்களை அழைத்துவரும் கைடு தமிழ் ஆள். சட்டை இஸ்திரி போடக் கீழே வருவார். அவரிடம் புத்தகத்தைக் காட்டினார்கள்.

"இது வினைச்சொல் புத்தகம்" என்றார். "ஒவ்வொரு வினைக்கும் ஆறு உருவம். நான், நீ, அவன், நாம, நீங்க, அவங்க."

"ஆறா?" என்று சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். "நமக்கும் ஆறுதானேக்கா."

விரிப்பு மடிப்பதிலும் ஆறு அசைவு உண்டு. உதறுவது, நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு, நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பது, குனிந்து தொங்குகிற மடிப்பை எடுப்பது, கடைசியில் இருவரும் சேர்த்து அழுத்துவது. அதுவரை ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் வினைச்சொல். கைடு முதலில் சொல்லிக்கொடுத்ததே 'மடி' என்கிற சொல்தான். ஜெ ப்ளியே என்று பெரியவள் உதற, தூ ப்ளியா என்று சின்னவள் மடிப்பாள். ஈல் ப்ளியா, நூ ப்ளியாம், வூ ப்ளியாத் என்று நடந்து குனிந்து நிமிர்ந்து, ஈல் ப்ளியேர் வரும்போது இருவர் கையும் ஒன்றின் மேல் ஒன்றாக விரிப்பின் மேல் இருக்கும். ஆறாவதை மட்டும் இருவரும் சேர்ந்தே சொல்வார்கள்.

கைடு ஒவ்வொரு சொல்லுக்கும் பக்க ஓரத்தில் பென்சிலால் அர்த்தம் எழுதிக் கொடுத்தார். சாப்பிடு, தூங்கு, விழு, அழு, சிரி, பிற. 'சாவு' என்ற சொல் இருந்த பக்கத்தைச் சின்னவள் துணிக் கிளிப் போட்டு மூடிவிட்டாள். அது கடைசிவரை திறக்கப்படவில்லை.

எதற்கு இந்த வேலை என்று மற்ற மேசைக்காரிகள் கேட்டார்கள். சம்பளம் கூடுமா, மாடிக்கு மாற்றுவார்களா? ஒன்றும் கிடையாது. சும்மாதான். சும்மா ஒன்றைச் செய்வதில் இருக்கிற சுகம் வேலைக்குப் போகிற பெண்களுக்கு எங்கே கிடைக்கிறது? பெரியவளுக்கு அந்த நாட்கள் இப்போது நினைத்தாலும் சோப்பு வாசனையோடுதான் வரும். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக இறங்கும் விரிப்பு, கன்னத்தில் ஒட்டிய முடியோடு எதிரே சின்னவள், தப்பாகச் சொன்னால் அவள் புருவத்தைத் தூக்கும் தூக்கு. அந்த இருவரைப் போலச் சந்தோஷமாக இருந்தவர்கள் அந்த ஓட்டலின் மேல் மாடிகளில்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

அதைக் கெடுக்கத்தான் ஏணி வந்தது.

மாமனார் விட்டுப்போன நெட்டை மர ஏணி ஒன்று வீட்டில் இருந்தது. அண்ணன் வயர்மேன், தம்பி பெயிண்டர். இருவருக்கும் ஏணி இல்லாமல் பிழைப்பு ஓடாது. ஒருவருக்கு வேலை வருகிற நாளில்தான் இன்னொருவருக்கும் வரும். பெயிண்ட் சொட்டியது என்று அண்ணன் முணுமுணுத்தார். படி ஒன்று ஆடுகிறது என்று தம்பி குத்திக்காட்டினார். பேச்சு வளர்ந்து, சின்ன வயதில் யார் யாரைக் குளத்தில் தள்ளினார் என்பதுவரை போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தை எடுத்து, ஏணியைக் குறுக்கே இரண்டாக அறுத்து, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் செய்த காரியம் இது. பாதி ஏணி விளக்குக்கும் எட்டாது, விட்டத்துக்கும் எட்டாது. இருவரும் வாடகைக்கு வேறு ஏணி எடுத்தார்கள். அதோடு வீடும் இரண்டானது, கொல்லைக்கு நடுவே ஒரு மதில் எழுந்தது.

அன்று வயர்மேன் மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே அந்த வீட்டு ஆளுங்க கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

"ஒரே மேசையில நிக்கிறோமே, எப்படிங்க?"

"நில்லு. வாயைத் திறக்காதே."

அவர் மேல் சத்தியம் என்றால் பெரியவள் விளையாட மாட்டாள். சொன்னால் சொன்னதுதான், அதில் அவள் கெட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் சின்னவளிடமும் அதே சத்தியம் வாங்கப்பட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் மேசை மாற்றிக் கேட்டாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க குடும்பத் தகராறு எனக்கு வேணாம். எனக்கு ஓரம் நேரா வரணும்."

எதிரெதிரே நின்றார்கள். பெரியவள் விரிப்பை உதறினாள். எண்ணினால்கூடத் தமிழ் வார்த்தையாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். விரிப்பு கோணியது. மறுபடி உதறினாள், மறுபடி கோணியது. மூன்றாவது தடவை, தலையைக் குனிந்தபடியே சின்னவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஜெ தோர்மீ."

தூங்கு என்கிற வினை. நான் தூங்கினேன். அவள் கண்ணைப் பார்த்தால் தூங்கின கண்ணாகத் தெரியவில்லை. இது பேச்சா, பாடமா என்று பெரியவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "தூ தோர்மீ" என்று மடித்தாள்.

அந்த ஆண்டுகளை அவர்கள் இப்படித்தான் ஓட்டினார்கள். பாய்லர்காரர் வயர்மேனுக்குச் சிநேகிதர், உளவும் அவர்தான். நீராவிக் குழாய்க்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு மாலையில் வந்து ஒப்பிப்பார்.

"பேசிக்கவே இல்லப்பா. ஏதோ மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டு மடிக்கிறாங்க. உன் வீட்டம்மா வார்த்தை தவறாதவங்க."

வயர்மேன் மீசையைத் தடவிக்கொள்வார். பெரியவள் அடுப்படியில் நின்று உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

எந்த வினையை எடுப்பது என்பதில் சேதி இருந்தது. எந்த உருவத்தில் ஒரு நொடி நிறுத்துவது என்பதில் ஆள் இருந்தது. சின்னவளின் மகன் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று, அவள் 'விழு'வை எடுத்து ஈல் தோம்பாவில், அவன் விழுந்தான் என்பதில், நிறுத்தினாள். பெரியவள் கையிலிருந்த முனை நழுவியது. சின்னவள் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, பெரிதாக ஒன்றுமில்லை என்று தலையாட்டிய பிறகுதான் விரிப்பு நகர்ந்தது. பெரியவளின் மகளுக்குக் குழந்தை பிறந்த காலையில் அவள் ஓடி வந்து 'பிற'வை எடுத்தாள். எல் நாக்கீ. அவள் பிறந்தாள். சின்னவள் அந்த வரியை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள், சிரித்தாள், அழுதாள், விரிப்பு மட்டும் மடியவில்லை. நாலு நாள் கழித்துப் பெரியவளின் சாப்பாட்டுக் கூடைக்குள் கையளவு சட்டை ஒன்று இருந்தது, கழுத்தில் பூத்தையலோடு.

தினமும் மதியத்துக்கு 'சாப்பிடு'தான். தூ மான்ஜா என்று பெரியவள் நிறுத்துவாள். நீ சாப்பிட்டாய். கேள்வியாகக் கேட்க அவர்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்பது, வா போ என்பது, நாளைக்கு என்று சொல்வது எல்லாம் ஒட்டிப்போன முன்பாதியில் இருந்தன. குரலை இழுத்துக் கேள்வியாக்கினால் பாய்லர்காரர் காது விடைத்துக்கொள்ளும். அதனால் நீ சாப்பிட்டாய், நீ சாப்பிட்டாய் என்றே அத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவள் சாப்பிட்டாளா இல்லையா என்பதை அவள் முகத்திலிருந்துதான் தெரிந்துகொண்டாள்.

ஒரு நாள் கைடு இதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்க சொல்றது கதை எழுதுற காலம்மா. எல்லாம் முடிஞ்சுபோன பிறகு எழுதுறது. இப்படி யாரும் வாயால பேச மாட்டாங்க."

"யாருமே பேச மாட்டாங்களா?" என்று பெரியவள் கேட்டாள்.

"யாருமே."

"அப்ப நாங்க பேசல" என்றாள் அவள். எதிரே சின்னவள் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெரியவள் மனதில் இருந்த கடுகளவு பயமும் அன்றோடு போயிற்று. யாருமே பேசாத பேச்சுக்குச் சத்தியம் எப்படிக் குறுக்கே வரும்?

அதன் பிறகு ஒரு மழைக்கால முடிவில், சின்னவள் இதுவரை எடுக்காத வினை ஒன்றை எடுத்தாள். கிளம்பிப் போ என்று பென்சிலில் எழுதியிருந்த பக்கம். ஜெ பார்த்தீ, தூ பார்த்தீ, ஈல் பார்த்தீ என்று சமமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், விரிப்போடு நடந்து பெரியவளின் எதிரே வந்து நின்றாள்.

"நூ பார்த்தீம்."

நாங்கள் போனோம். நிறுத்திவிட்டாள். ஐந்தாவது வரவில்லை.

எங்கே போனீர்கள், நேற்றா, யார் வீட்டுக்கு என்று பெரியவள் கண்ணால் கேட்டாள். சின்னவள் தலையை அசைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. மெதுவாகத்தான் விளங்கியது. அவர்கள் போகவில்லை, போகப் போகிறார்கள். மகனுக்கு வேறு ஊரில் வேலை, வீட்டில் பாதியை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்று அரசல் புரசலாகக் காதில் விழுந்ததுதான். போகப் போகிறோம் என்று சொல்ல அந்தப் பாதிப் புத்தகத்தில் வழி இல்லை. அதனால் போய்விட்டதாகவே சொல்லிவிட்டாள்.

பெரியவளுக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறாள், அதற்குள் போனோமாம். போகாதே என்று சொல்ல வாய் துடித்தது. புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் போகாதே இல்லை. எப்போது என்பது இல்லை, என்னை விட்டுவிட்டா என்பது இல்லை. இத்தனை காலம் எதை வைத்துப் பேசினோம் என்று பெருமைப்பட்டாளோ அது முடிந்துபோனதை மட்டும்தான் சொல்லும். முடியாமல் எதிரே நிற்பதைத் தொட அதற்குத் துப்பில்லை. வேண்டுமானால் தமிழில் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் வீட்டுக்காரர் தலை மேல் செய்த சத்தியம் போயிற்று.

அன்றைக்கு விரிப்புகள் எல்லாம் கோணல். சூப்பர்வைசர் கத்தினார். இருவரும் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சின்னவள் வேலையிலிருந்து நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பெட்டி கட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பாத்திரம் உருளும், சின்னவள் இருமுவாள், கட்டில் இழுபடும். வயர்மேன் முற்றத்தில் உட்கார்ந்து, ரிப்பேருக்கு வந்த மின்விசிறியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்த விசிறியில் கோளாறு என்று ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலைல லாரி வருதாம்" என்றார் விசிறியிடம்.

பெரியவள் முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"போறவன் போகட்டும். ஒரு வார்த்தை வந்து சொன்னானா?"

"நீங்க போய்க் கேட்டீங்களா?"

"நான் ஏன் போகணும்? நான் பெரியவன்."

அவள் அவரைப் பார்த்தாள். மீசை நரைத்து, ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் உள்ளே உருகுகிறது என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, இந்த மனிதர்கள் உருகினாலும் கீழே சொட்ட விடமாட்டார்கள்.

"ஏங்க, உங்க மேல பண்ணின சத்தியத்தை நான் இன்னிக்கு முறிக்கப் போறேன்" என்றாள். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பக்கத்துல உக்காந்து நானே பாத்துக்கிறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கொல்லைக்குப் போய்விட்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதி ஏணி சாய்ந்து கிடந்தது, அறுத்த நாளிலிருந்து ஒரு வேலைக்கும் உதவாமல். இழுத்து வந்து மதிலில் சாய்த்தாள். விளக்குக்கு எட்டாதது, விட்டத்துக்கு எட்டாதது, மதிலின் விளிம்புக்கு அளவெடுத்தது போல எட்டியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முட்டி முறுமுறுத்தது. ஏணியின் ஒரு கால் ஆடியது. மதில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே, ஏணியின் மறுபாதி சாய்ந்திருந்தது.

இன்று நேற்று வைத்ததல்ல. கால்கள் மண்ணில் புதைந்து, கீழ்ப்படியில் ஏதோ கொடி சுற்றி ஏறியிருந்தது. மேல்படிகளில் மட்டும் கொடி இல்லை, மரம் கால் பட்டுத் தேய்ந்து பளபளப்பாக இருந்தது. பெரியவள் தினமும் துணி உலர்த்திய கயிறு அங்கிருந்து நன்றாகத் தெரியும். அங்கேதான் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டுவாள். வளர்ந்த பிறகு அங்கேதான் தலை பின்னிவிடுவாள்.

சின்னவள் எத்தனை தடவை ஏறி வந்து பேசாமல் பார்த்துவிட்டு இறங்கினாளோ.

பின்கதவு திறந்தது. சின்னவள் கையில் கட்டுக் கயிறோடு வெளியே வந்தாள். மதில் மேல் தெரிந்த தலையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

சொல்ல வேண்டியதையெல்லாம் பெரியவள் ஒரு வாரமாக மனதில் அடுக்கி வைத்திருந்தாள். போகாதே, என்னை மன்னிச்சிடு, நீ இல்லாம அந்த மேசையில எப்படி நிப்பேன். வாயைத் திறந்தபோது அடுக்கு முழுவதும் சரிந்துவிட்டது.

"சாப்பிட்டியாடி?"

சின்னவள் கயிற்றைக் கீழே போட்டாள்.

"இல்லக்கா" என்றாள். "இன்னும் இல்ல. நீங்க?"

அவள் தன் பாதி ஏணியில் ஏறி வந்தாள். எந்தப் படியில் காலை வைக்க வேண்டும் என்று அவள் குனிந்து பார்க்கவே இல்லை. மதில் மேல் கையோடு கை சேர்ந்தது. நடுவில் விரிப்பு இல்லை. இருவரும் பேசினார்கள், ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து, சிரித்து, மூக்கைச் சிந்தி, விட்டுப்போன காலத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கிப் பேசினார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அங்கே தண்ணீர் வருமா, முட்டிக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று கேள்விக்கு மேல் கேள்வி. அத்தனை கேள்விகள் தன்னிடம் இருந்தது பெரியவளுக்கே தெரியாது.

பாதிப் பேச்சில்தான் ஏணி ஆடுவது நின்றுபோனதை அவள் கவனித்தாள். குனிந்து பார்த்தாள். வயர்மேன் மண்ணில் மண்டிபோட்டு, ஆடுகிற காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

"இறங்கவாங்க?" என்று கேட்டாள்.

"இரு" என்றார் அவர். "இன்னும் கொஞ்ச நேரம் பேசு. நான் பிடிச்சிருக்கேன்."